பாலி எரிமலை ஏரிகள்: மேகம் இறங்குவதற்குள் பார்த்துவிடுவது எப்படி?

முதல் தடவை பெரட்டான் ஏரிக்கரையில் போய் இறங்கியபோது மதியம் 2 மணி. குத்தா கடற்கரைப் பக்கம் அறை எடுத்திருந்தோம். அங்கிருந்து நெரிசலில் ஊர்ந்து, மலையேறி, இரண்டரை மணி நேரம் கழித்துக் காரை விட்டு இறங்கினால் எதிரே வேட்டி காயப்போட்ட மாதிரி ஒரே வெள்ளை. ஏரியையும் காணோம், தண்ணீருக்கு நடுவில் நிற்கிற அந்தப் பிரபலமான கோயிலையும் காணோம். அம்மா சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "இதுக்குக் கொடைக்கானலே போயிருக்கலாமே, பஸ் சார்ஜோட முடிஞ்சிருக்கும்" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

மறு வருடம் ஜூலையில் பழிதீர்க்கிற மாதிரி மறுபடி போய், மூன்று நாளில் நான்கு ஏரிகளையும் பார்த்துவிட்டு வந்தோம். அம்மாவும் வந்தார். என்ன மாற்றினேன் என்பதைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். சென்னையிலிருந்து டிக்கெட் போடுவது, ஹோட்டல் தேடுவது எல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

முதலில், இது என்ன மாதிரி ஏரி?

நமக்கு ஏரி என்றால் செம்பரம்பாக்கம், புழல். ஒரு பக்கம் மண் கரை, அதில் மதகு, நிறைந்தால் வழிய கலங்கல். பாலியின் மலை ஏரிகளுக்கு இதில் எதுவும் கிடையாது. அடியில் இருந்த கற்குழம்பு வெடித்து வெளியேறியபின், தாங்க ஆளில்லாத கூரைபோல மலையின் தலை உள்ளே இடிந்து விழுந்த பள்ளங்கள் அவை. கால்டெரா என்பார்கள்.

கிழக்கே இருக்கும் பாத்தூர் கால்டெரா சுமார் 29,000 வருடங்களுக்கு முன் ஒரு முறையும், 20,000 வருடங்களுக்கு முன் மறுமுறையும் இடிந்து உருவானது. வெளிப்பள்ளம் மட்டும் ஏறக்குறைய 14 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர். உள்ளே பிறை வடிவில் பாத்தூர் ஏரி. பெயரைக் கேட்டால் திருவள்ளூர் பக்கத்துக் கிராமம்போல இருக்கிறது, ஆனால் ஆழம் 88 மீட்டர். நம் செம்பரம்பாக்கம் நிறைந்தாலே 24 அடிதான், இது 290 அடியைத் தொடுகிறது. இந்த ஏரியிலிருந்து ஓர் ஆறுகூட வெளியே ஓடுவதில்லை. தண்ணீர் எரிமலைப் பாறையின் துளைகள் வழியாகக் கசிந்து இறங்குகிறது.

மேற்கே பெடுகுல் பக்கம் இன்னொரு கால்டெராவில் மூன்று ஏரிகள்: பெரட்டான், பூயான், தம்பிளிங்கன். பின்னவை இரண்டும் ஒரே ஏரியாக இருந்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலச்சரிவு நடுவில் விழுந்து பிரிந்தவை.

படி 1: நாள் குறிப்பது

நவம்பர் முதல் மார்ச் வரை மழைக்காலம். மே முதல் செப்டம்பர் வரை நல்லது. மார்ச் வாக்கில் நியெபி என்று அவர்களுடைய புத்தாண்டு வருகிறது. அன்றைக்கு 24 மணி நேரம் தீவு முழுக்க மௌனம். யாரும் தெருவில் இறங்கக் கூடாது, விமான நிலையத்தையே மூடிவிடுகிறார்கள். தேதி ஆண்டுக்காண்டு மாறும் என்பதால் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அப்புறம் எரிமலை. 2024 நவம்பரில் கிழக்கே இருக்கும் ஃப்ளோரெஸ் தீவில் லெவோதோபி எரிமலை வெடித்துச் சாம்பல் கிளப்பியதால் பாலி விமானங்கள் ரத்தாயின. இந்தோனேசிய அரசின் மக்மா இணையதளத்தில் ஒவ்வொரு எரிமலைக்கும் 1 முதல் 4 வரை எச்சரிக்கை நிலை போட்டிருப்பார்கள். கிளம்பும் வாரம் தினமும் ஒரு தடவை பார்த்தால் போதும். நான் முதல் தடவை மணிக்கொரு முறை பார்த்து வீட்டில் திட்டு வாங்கினேன்.

படி 2: காகிதமும் காசும்

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு 30 நாள் விசா 5,00,000 ரூபியா. இணையத்திலேயே எடுத்துவிடலாம், ஆனால் அரசுத் தளத்தில் மட்டும். அதே மாதிரி தோற்றத்தில் நிறைய இடைத்தரகர் தளங்கள் இருக்கின்றன. 2024 பிப்ரவரி 14 முதல் பாலிக்குத் தனியாக 1,50,000 ரூபியா சுற்றுலா வரியும் உண்டு.

இந்தப் பூஜ்யங்களைப் பார்த்து மிரள வேண்டாம். கடைசி மூன்றை வெட்டிவிட்டு ஐந்தால் பெருக்கி, கொஞ்சம் கூட்டிக்கொண்டால் தோராயமாக நம் ரூபாய். மலைமேல் சிறு கடைகளிலும் கோயில் நுழைவிலும் ரொக்கம்தான் பேசுகிறது. கீழேயே மாற்றிக்கொண்டு ஏறுங்கள்.

படி 3: எங்கே தூங்குவது (நான் சறுக்கிய இடம்)

எல்லாப் பயணத் திட்டங்களும் "குத்தா அல்லது உபுத்தில் தங்கி ஒருநாள் பயணமாக ஏரிகளைப் பாருங்கள்" என்கின்றன. நானும் அதைத்தான் செய்தேன். காலையில் நிதானமாக டிபன் முடித்துக் கிளம்பினால் மலைமேல் போய்ச் சேர மதியமாகிவிடும். மதியத்தில் அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

காரணம் எளிது. பகலில் வெயில் ஏற ஏற, கடல் பக்கத்து ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறும். ஏறும்போது குளிர்ந்து மேகமாகும். பெரட்டான் ஏரி கடல் மட்டத்திலிருந்து 1,200 மீட்டருக்கு மேலே, சுற்றிலும் சுவர் வைத்த கிண்ணத்துக்குள் இருக்கிறது. வந்த மேகம் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது. இரவில் காற்று திசைமாறிக் கீழே வழிவதால் பெரும்பாலும் விடியற்காலையில் கிண்ணம் காலியாகிவிடும். ஆக, உங்களுக்குக் கிடைப்பது சூரியன் உதித்ததிலிருந்து 10 மணி வரைக்கும்தான். 11 என்றால் அதிர்ஷ்டம்.

எனவே முதல் நாள் விமான நிலையத்திலிருந்து நேரே மலைக்கு ஏறிவிடுங்கள். பெரட்டான் ஏரிப் பக்கத்துச் சண்டி குனிங் சந்தையைச் சுற்றி வீட்டோடு சேர்ந்த சிறிய தங்குமிடங்கள் நிறைய. நீச்சல்குளம், கடல் காட்சி எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். சுடுதண்ணீர் வருகிறதா, கம்பளி இரண்டு உண்டா என்று மட்டும் கேளுங்கள். இரவுக் குளிர் நம் ஊர் மார்கழியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அம்மாவுக்கு மங்கி கேப் எடுத்துப்போனேன். முதலில் முறைத்தார், ராத்திரி அதைக் கழற்றவே இல்லை.

இங்கே ஒரே ஒரு சொல் கற்றுக்கொண்டால் போதும்: கபூத். மூடுபனி. விடுதி வீட்டுக்கார அம்மாவுக்கு முதல் நாளே "கபூத்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். விடியற்காலை 5:40க்குப் பதில் வந்தது: "திடாக்." இல்லை என்று அர்த்தம். பல்கூடத் தேய்க்காமல் எல்லோரையும் எழுப்பினேன்.

வானிலைச் செயலிகளை நம்பாதீர்கள். தீவு முழுக்க "இடியுடன் மழை" என்றே காட்டிக்கொண்டிருக்கும். தாழ்வான மேகத்தைத் தனியாகக் காட்டும் விண்டி என்ற செயலி மட்டும் பரவாயில்லை. அதைவிடச் சன்னலைத் திறந்து பார்ப்பது மேல்.

படி 4: வண்டி

ஓட்டுநரோடு கார் எடுங்கள். கிராப், கோஜெக் (நம் ஓலா மாதிரி வாடகை வண்டிச் செயலிகள்) இரண்டும் கீழே சரி. மலையில் கொண்டுவந்து இறக்குவார்கள், திரும்ப அழைத்துப்போக வண்டி கிடைப்பது கடினம். நான் ஒரே ஓட்டுநரை மூன்று நாளுக்குப் பேசிக்கொண்டேன். வயதில் மூத்தவர்களை அங்கே "பாக்" என்று விளிப்பார்கள், நம் "ஐயா" போல. பேரம் முடிந்ததும் தொகை, நேரம், பெட்ரோல் யார் செலவு என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். கால்டெரா சுவருக்குப் பின்னால் சிக்னல் ஒளிந்துகொள்கிறது.

படி 5: முதல் காலை, மேற்கு ஏரிகள்

பெரட்டான் கோயிலுக்கு 7 மணி வாக்கில் போய்விடுங்கள். 1633இல் கட்டியது என்கிறார்கள். பழைய 50,000 ரூபியா நோட்டில் இந்தக் கோயில்தான். 11 அடுக்குக் கூரையுள்ள மேரு என்ற கோபுரம், தண்ணீர் மட்டம் ஏறியிருந்தால் மிதப்பதுபோலவே இருக்கும். ஏரித் தேவதை டேவி டனுவை உழவர்கள் கும்பிடுகிறார்கள். டானாவ் என்றால் ஏரி. நாங்கள் போனபோது ஒரு பெண் தென்னங்குருத்தில் பின்னிய சின்னத் தட்டில் பூவும் கொஞ்சம் சோறும் வைத்து, ஊதுபத்தியைச் செருகிவிட்டு, மூன்று விரலால் தண்ணீர் தெளித்தார். அம்மா தானாகவே கைகூப்பினார்.

அங்கிருந்து வனகிரி மேட்டுச்சாலை. இடப்பக்கம் கீழே பூயான், அடுத்தது தம்பிளிங்கன். சாலை ஓரமெல்லாம் ஊஞ்சல், பறவைக்கூடு என்று போட்டோ எடுக்கக் கட்டண மேடைகள். ஒன்றிலும் ஏறாதீர்கள், இரண்டு மேடைகளுக்கு நடுவிலுள்ள வேலியிலிருந்தே காட்சி தெரிகிறது. தம்பிளிங்கன் கரைக்குக் கண்டிப்பாக இறங்குங்கள். நான்கில் எனக்குப் பிடித்தது அதுதான். மரத்தைக் குடைந்து செய்த இரண்டு ஓடங்களைச் சேர்த்துக்கட்டித் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிறார்கள். மோட்டார் சத்தமே கேட்கவில்லை.

படி 6: பாத்தூர்

பெடுகுலிலிருந்து பாத்தூர் கால்டெரா விளிம்பிலுள்ள கிந்தாமணிக்குக் குறுக்கே பெலாகா வழியாகப் போகலாம். இரண்டு மணி நேரத்துக்குக் குறையாது. பெனெலோக்கான் என்ற விளிம்பில் நின்றால் மொத்தப் பள்ளமும் தெரியும். 1,717 மீட்டர் பாத்தூர் எரிமலை, அதன் காலடியில் கறுப்பாக வழிந்து உறைந்த குழம்பு, ஓரத்தில் ஏரி. 1926இல் வந்த குழம்பு பாத்தூர் கிராமத்தையும் கோயிலையும் மூடிவிட, மக்கள் விளிம்பின் மேலே ஏறிக் குடியேறிக் கோயிலைப் புதிதாகக் கட்டினார்கள்.

பெரும்பாலோர் விளிம்பில் காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். காபி நல்ல காபிதான், நாரத்தை வாசம் வரும். 2008இல் இந்தோனேசியாவின் முதல் புவிசார் குறியீடு பெற்றது. ஆனால் கீழே இறங்குங்கள். பழைய எரிமலைக் குழம்பு உறைந்த வயலுக்கு நடுவே சாலை போகிறது. செங்கல் சூளைக் கசடைப் பெரிதாக்கிக் கொட்டிய மாதிரி கறுப்புக் கல், அதன் வெடிப்பில் ஒரு கைப்பிடிப் புல். அதைத் தாண்டினால் ஏரிக்கரை முழுக்கச் சின்ன வெங்காயம்! ஏரியிலிருந்து மோட்டார் வைத்து இறைத்துத் தெளிக்கிறார்கள். அம்மா ஒரு கட்டு வாங்கி உரித்துப் பார்த்து, "நம்ம சாம்பாருக்கு ஆகும்" என்று சான்றிதழ் கொடுத்தார்.

கரையிலேயே தோயா புங்கா வெந்நீர்க் குளங்கள். தோயா என்றால் தண்ணீர், நம் பழைய "தோயம்"தான். குளிக்கும்முன் வெள்ளி நகையைக் கழற்றிவிடுங்கள். அம்மாவின் மெட்டி கறுத்துப்போய், ஊருக்கு வந்து திருநீறு போட்டுத் தேய்த்தோம்.

படகில் அக்கரை துருண்யானுக்கு அழைப்பார்கள். இறந்தவர்களைப் புதைக்காமல் மரத்தடியில் கிடத்தும் ஊர். எனக்கு மனம் ஒப்பவில்லை, வேறு பக்கம்தான் சுற்றினோம். அதிலும் ஒரு படகுக்காரர் நடு ஏரியில் என்ஜினை நிறுத்திவிட்டு "பணம் போதாது" என்று ஆரம்பித்தார். திரும்பி வந்ததும்தான் கொடுப்பேன் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார, பத்து நிமிடத்தில் என்ஜின் தானே கிளம்பியது. கரையிலேயே தொகை பேசி, இறங்கியபின் கொடுங்கள்.

படி 7: இறங்கும் வழியில் தீர்த்தா எம்புல்

உபுத்துக்கு இறங்கும் வழியில் தம்பக்சிரிங்கில் ஊற்றுக்குளம். கிபி 962 வாக்கில் ஏற்பட்ட கோயில் என்கிறார்கள். பாத்தூர் ஏரித் தண்ணீர்தான் இங்கே ஊறுகிறது என்பது ஊரார் நம்பிக்கை. குளத்தின் அடியில் கறுப்பு மணல் கொதிப்பதுபோலக் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும், ஆனால் கை வைத்தால் சில்லென்றிருக்கும். கோயிலுக்குள் இடுப்புத் துணி கட்டாயம். நான் வேட்டியோடு போனேன். காவலாளி மேலும் கீழும் பார்த்துவிட்டு இடுப்பில் ஒரு கச்சை மட்டும் கட்டிக்கொள்ளச் சொல்லி உள்ளே விட்டார்.

பிறகு சேர்த்தவை

சைவம் கிடைக்குமா என்று நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். தெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), தாஹூ (டோஃபு) எங்கும் கிடைக்கும். சிக்கல் சம்பால் என்ற மிளகாய்ச் சட்னியில் இருக்கிறது. அதில் தெராசி என்ற இறால் விழுது கலந்திருக்கும். "தன்பா தெராசி" என்று சொல்லுங்கள், தெராசி இல்லாமல் என்று பொருள். எதற்கும் ஒரு பாட்டில் பருப்புப்பொடி கைவசம் இருக்கட்டும்.

பாத்தூரில் செத்த மீன் நாற்றம் அடித்ததாக ஒருவர் எழுதியிருந்தார். உண்மைதான். சில சமயம் ஏரியின் அடியிலிருந்து கந்தகம் மேலே கிளம்பி, கூண்டில் வளர்க்கும் மீன்கள் மொத்தமாகச் செத்து மிதக்கும். அந்த வாரம் கரையில் அறை போடாமல் விளிம்பின் மேலே தங்குங்கள்.

ஸ்கூட்டரில் போகலாமா என்று தாம்பரத்திலிருந்து ஒரு தம்பி. சர்வதேச உரிமத்தில் இருசக்கர வாகனப் பிரிவு இருக்கிறதா என்று முதலில் பார் தம்பி. அப்படியே இருந்தாலும், கிந்தாமணிக் கொண்டையூசி வளைவுகளில் மணல் லாரிகளுக்கு நடுவே மூடுபனியில் இறங்குவதை நான் கார்ச் சன்னலிலிருந்து பார்த்தேன், அதுவே போதுமென்றிருந்தது.