செம்பு கலந்தால் கழிவு மட்குமா? வீட்டிலேயே ஒரு சோதனை

குமரி மாவட்டத்தில் மிளகுக்கும் பாக்குக்கும் அடிக்கிற போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்தில் இருப்பது துருசு, அதாவது மயில்துத்தம் என்ற செம்பு உப்பு. மழையில் அது வழிந்து குளத்துக்குப் போகிறது. வீட்டுக் கழிவுநீரும் அதே குளத்தில்தான் விழுகிறது. அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்களைச் செம்பு என்ன செய்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

அரை லிட்டர் பாட்டில் ஆறு, உரக்கடைத் துருசு, வண்ணமீன் கடையில் விற்கும் மெத்திலின் புளூ என்ற நீலச் சாயம், 10 மி.லி. சிரிஞ்சு, கஞ்சித்தண்ணீர், மட்கிய சாணி எரு, கையுறை வேண்டும். குளத்துத் தண்ணீரையும் சேற்றையும் உங்கள் ஊர்க் குளத்திலேயே எடுங்கள். சுசீந்திரம், தேரூர்ப் பக்கம் வேண்டாம். அவை பறவைகளுக்கான ராம்சர் ஈரநிலம், அதாவது உலக அளவில் முக்கியமானது என்று பட்டியலிடப்பட்ட இடம்.

1. செம்புக் கரைசல்
பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டர் மழைநீரில் 5 கிராம் துருசைக் கரையுங்கள். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது, செம்பு அதில் படிந்துவிடும். துருசின் எடையில் கால் பங்குதான் செம்பு. ஆகவே இந்தக் கரைசலில் லிட்டருக்கு 250 மில்லிகிராம் செம்பு இருக்கும்.

2. பாட்டில்கள்
ஒவ்வொன்றிலும் 300 மி.லி. குளத்து நீர், அரை ஸ்பூன் சேறு, இரண்டு ஸ்பூன் கஞ்சி. முதல் பாட்டிலில் செம்பு வேண்டாம். அடுத்த மூன்றில் 2, 20, 100 மி.லி. கரைசல் விடுங்கள்; லிட்டருக்கு 1, 10, 50 மில்லிகிராம் என்று வரும். ஐந்தாவதில் 100 மி.லி. கரைசலோடு இரண்டு ஸ்பூன் எரு. ஆறாவதில் எரு மட்டும். எருவிலும் நுண்ணுயிர் உண்டு, அதனால் ஒப்பிட இது கட்டாயம் வேண்டும்.

3. நீலம்
எல்லாவற்றிலும் ஒரே அளவு சொட்டு மெத்திலின் புளூ விட்டு, மழைநீரால் விளிம்புவரை நிரப்பி, மூடி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். வெயிலே நீலத்தை வெளுக்கவைத்துவிடும்.

4. பார்ப்பது
நுண்ணுயிர்கள் கஞ்சியைத் தின்னும்போது ஆக்சிஜன் தீர்ந்து நீலம் மறையும். திறந்து குலுக்கினால் காற்றுப் பட்டு நிறம் திரும்ப வரும், அதனால் அசைக்காதீர்கள். காலை, மாலை ஒரே நேரத்தில் படம் எடுங்கள். 1 மில்லிகிராம் பாட்டிலில் பெரும்பாலும் வித்தியாசம் தெரியாது. 50 மில்லிகிராமில் நீலம் அதிக நேரம் நிற்க வேண்டும்: கரைந்த செம்பு (அயனி), நுண்ணுயிரின் வேலைகளை நடத்தும் நொதிகளில் (என்சைம்) உள்ள கந்தகத்தைப் பிடித்துக்கொண்டு அவற்றை முடக்குகிறது.

என் கண்ணுக்கு முக்கியமானது ஐந்தாவது பாட்டில்தான். நான்காவதில் உள்ள அதே அளவு செம்பு, ஆனால் எருவின் மட்கு அதில் பெரும்பகுதியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நுண்ணுயிரைத் தாக்குவது தண்ணீரில் தனியாகத் திரியும் செம்புதான். மொத்த அளவை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். இன்னொன்று, உலோகமெல்லாம் விஷம் என்றும் நினைக்க வேண்டாம். டீசலில் உள்ள பென்சீன் போன்ற கார்பன் வளையங்களை உடைக்கும் பல நொதிகளுக்கு இரும்பு இல்லாமல் வேலையே நடக்காது.

5. அப்புறப்படுத்துவது
செம்பு மீனைக் கொல்லும், ஓடையிலோ குளத்திலோ ஊற்றவே கூடாது. எல்லாவற்றையும், மிச்சக் கரைசலையும், வாளியில் சேர்த்து நீற்றிய சுண்ணாம்பு கலக்குங்கள். செம்பு அடியில் படியும். ஒரு நாள் கழித்து, தெளிந்த நீரைக் கிணற்றுக்கும் குளத்துக்கும் தூரமான வெறும் மண்ணில் விடுங்கள். கசடைக் காயவைத்துப் பையில் கட்டி, பக்கத்துப் பள்ளி, கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் கேட்டுக் கொடுத்துவிடுங்கள்.