ஹெட்டை இறக்குவதற்கு முன்: எம்ஜிபி கேஸ்கெட் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டனில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான எம்ஜிபி, ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதை மேலே மூடும் ஹெட்டுக்கும் நடுவே ஒழுகாமல் அடைக்கும் தகடு) மாற்றும் வேலையை வீட்டு வாசலிலேயே பழகிக்கொள்ள ஏற்ற ஸ்போர்ட்ஸ் கார். 1798 சிசி பி சீரிஸ் இன்ஜின். பிளாக்கும் ஹெட்டும் இரும்பு வார்ப்பு. டைமிங் பெல்ட், மேலே கேம் ஷாஃப்ட் என்று எதுவும் குறுக்கே நிற்காது. நம்மூர் அம்பாசடரில் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் இதே குடும்பம்தான். அதில் கை பழகியவர்களுக்கு எம்ஜிபியின் பானெட்டைத் திறந்தால் சொந்தக்காரர் வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். இவ்வளவு எளிதாக இருப்பதால்தான் யோசிக்காமல் ஸ்பேனரை எடுத்துவிடுகிறோம்.

முதல் கேள்வி, ஒழுகுவது கேஸ்கெட்தானா என்பது. நான் ஒருமுறை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் செலவழித்து ஹெட்டை இறக்கினேன். கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. ஹெட்டின் வலது பக்கம், பின்கோடியில் ஹீட்டர் டேப் (ஹீட்டருக்குப் போகும் தண்ணீரைத் திறந்து மூடும் குழாய்) உட்கார்ந்திருக்கும். அதற்கு அடியில் இருக்கும் சின்ன கேஸ்கெட் இற்றுப்போய் அங்கிருந்து சொட்டிய தண்ணீர்தான் பிளாக்கின் மேல் வழிந்திருக்கிறது. இடது பக்கம் ஆயில் கசிந்தால் மேனிஃபோல்டுக்குக் கீழே இருக்கும் டேப்பட் கவர்களை முதலில் பாருங்கள். பழைய பி சீரிஸில் அவை கசிவது ஊரறிந்த விஷயம். ஆயில் மூடியின் உள்ளே வெள்ளையாக நுரை ஒட்டியிருந்தாலும் உடனே பயப்பட வேண்டாம். குளிர்காலத்தில் கடைக்கும் வீட்டுக்கும் மட்டும் ஓடும் காரில் வெறும் ஈரப்பதமே அந்த நுரையை உண்டாக்கும்.

ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் அளக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுத்தால் ஓரளவு தெரிந்துவிடும். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கையும் கழற்றியிருக்க வேண்டும், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்திருக்க வேண்டும். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர்கள், உதாரணமாக 2, 3 இரண்டும் சேர்ந்து குறைவாகக் காட்டினால் நடுவில் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த கொஞ்ச நேரத்திலேயே ரேடியேட்டரில் விடாமல் குமிழி வந்தாலும் அப்படித்தான்.

சரி, ஹெட்டை இறக்கியே ஆக வேண்டும் என்று தெரிந்துவிட்டது. இனிமேல் நடக்கும் தவறுகளில் எனக்குப் பெரிதாகப் படுவது ராக்கர் ஷாஃப்ட் விஷயம். வால்வுகளை அமுக்கித் திறக்கும் ராக்கர்கள் மாட்டியிருக்கும் தண்டு அது. ஹெட்டைப் பிடித்திருக்கும் பெரிய நட்டுகள் 11. அவற்றில் நான்கு, ராக்கர் பிராக்கெட்டுகளையும் சேர்த்தே பிடித்திருக்கின்றன. ராக்கரைத் தனி பாகம் என்று நினைத்து அந்த நான்கை மட்டும் முழுதாகக் கழற்றினால், ஹெட் ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் இறுகி நிற்கும். ஹெட் கோணிக்கொள்ளலாம், தண்ணீர் சிலிண்டருக்குள்ளும் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்புக்குள்ளும் இறங்கலாம். அதனால் பிராக்கெட்டின் சின்ன நட்டுகள் உட்பட எல்லாவற்றையும் சுற்றிச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். கேஸ்கெட்டைத் தொடாமல் ராக்கர் ஷாஃப்ட்டை மட்டும் மாற்றுகிறவர்களுக்கும் இதே விதிதான். அவர்களும் முதலில் தண்ணீரை வடித்துவிட வேண்டும்.

வடிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. ரேடியேட்டரை மட்டும் வடித்தால் போதாது, பிளாக்கில் தண்ணீர் நிற்கும். பிளாக்கின் பக்கவாட்டில் இருக்கும் வடிகாலைத் திறந்தால் பல கார்களில் ஒரு சொட்டும் வராது. தண்ணீர் இல்லை என்று அர்த்தமில்லை, துருச்சேறு அடைத்திருக்கிறது. ஒரு கம்பியை விட்டுக் குத்தினால் செம்மண் குழம்பு மாதிரி கொட்டும். அதைச் செய்யாமல் ஹெட்டைத் தூக்கினால் அந்தக் குழம்பு நேராகப் பிஸ்டன் மேல் போகும்.

தெர்மோஸ்டாட் மூடி அலுமினியம். மூன்று ஸ்டட்களில் பல வருடமாக உட்கார்ந்து அரித்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அதை இப்போதே கழற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மேல் ஹோஸை ரேடியேட்டர் பக்கம் கழற்றிவிட்டு, மூடியோடு சேர்த்தே ஹெட்டைத் தூக்கலாம். ஸ்டட் முறிந்தால் ஒரு நாள் வேலை ஒரு வார வேலையாகிவிடும். அப்புறம், இது அங்குலக் கணக்கில் செய்த கார். அரை அங்குல நட்டில் 13 மி.மீ. ஸ்பேனரும் உட்காரும், ஆனால் 0.3 மி.மீ. ஆட்டம் இருக்கும். பிடிவாதமான நட்டின் முனைகளைத் தேய்க்க அதுவே போதும்.

டேப்பட்டுக்கும் ராக்கருக்கும் நடுவே நிற்கும் புஷ் ராடுகளை எடுக்கும்போது அவசரம் கூடாது. கீழே டேப்பட்டின் (கேம் ஷாஃப்ட்டின் மேல் ஏறி இறங்கும் சின்ன உருளை) குழியில் ஆயில் பிடித்துக்கொண்டிருக்கும். வெடுக்கென்று இழுத்தால் டேப்பட்டும் கூடவே ஏறி வந்து, பாதியில் கழன்று விழும். விரல்களுக்கு நடுவே ராடை இப்படியும் அப்படியும் உருட்டினால் 'ப்ளக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு விடுபடும், அதற்குப் பிறகு தூக்குங்கள். ஓர் அட்டைப்பெட்டியில் எட்டு ஓட்டை போட்டு எண் எழுதி, எந்த ராடு எங்கிருந்து வந்ததோ அந்த வரிசையிலேயே குத்தி வையுங்கள்.

ஹெட் ஒட்டிக்கொண்டு வரவில்லை என்றால் ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பாதீர்கள். அந்த ஒரு கீறலே நாளைய ஒழுக்கு. மரக்கட்டையை வைத்துப் பக்கவாட்டில் தட்டலாம். அல்லது, நட்டெல்லாம் தளர்ந்து, பிளக்குகள் அப்படியே இருக்க, இன்ஜினைச் சுற்றலாம். ராக்கர் இல்லாததால் வால்வுகள் எல்லாம் மூடியே இருக்கும், உள்ளே அடைபடும் காற்றே ஹெட்டைத் தள்ளிவிடும்.

சுத்தம் செய்யும்போது எம்மரித் தாளையும் டிரில்லில் மாட்டும் தேய்ப்பு வட்டையும் தூர வையுங்கள். அவற்றின் தூள் ஆயிலில் கலந்தால் பேரிங்கைத் தின்றுவிடும். வட்டு இரும்பிலும் பள்ளம் போடும். நல்ல ஸ்கிரேப்பரும் பொறுமையும் போதும். சிலிண்டர் ஓட்டைகளில் துணி அடைத்துக்கொள்ளுங்கள், எத்தனை துணி என்று எண்ணியும் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு நேர்விளிம்பு ஒன்றை நீளவாக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) எங்காவது நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் ஹெட் லேத் பட்டறைக்குப் போய் ஃபேஸிங் செய்து, பரப்பைச் சமமாக்கிக்கொண்டு வரட்டும். பலர் ஹெட்டைப் பார்த்துவிட்டு பிளாக்கை மறந்துவிடுகிறார்கள். பல வருட இழுப்பில் ஸ்டட் ஓட்டையைச் சுற்றியுள்ள இரும்பு மெல்லிய வரப்பு மாதிரி மேலே எழும்பியிருக்கும். விரல் நுனியால் தடவினால் தெரியும். அதைக் கொஞ்சம் சரித்து எடுக்காவிட்டால் புதுக் கேஸ்கெட் அந்த வரப்பின் மேல்தான் உட்காரும். ஹெட்டில் வால்வு சீட்டுகளுக்கு நடுவே விரிசல் இருக்கிறதா என்றும் பாருங்கள். 2, 3 சிலிண்டர்களுக்கு எக்ஸாஸ்ட் வழி ஒன்றே என்பதால் நடுப்பகுதி அதிகம் சூடாகும். விரிசல் விட்ட ஹெட்டுக்கு எத்தனை கேஸ்கெட் போட்டாலும் வீண்.

புதுக் கேஸ்கெட்டில் 'மேல்', 'முன்' என்று ஆங்கிலத்தில் அடித்திருக்கும். மாற்றிப் போட்டால் தண்ணீர் வழிகள் அடைபடும். கம்போசிட் வகைக்கு எந்தப் பசையும் தேவையில்லை. சிலிகானை அப்பினால் பிதுங்கும் துணுக்கு ரேடியேட்டர் குழாயில்தான் போய் நிற்கும்.

இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை அளவில் இறுக்குவது எங்கள் தலைமுறை வழக்கம், அதை விட்டுவிடலாம். 18வி வகை இன்ஜினுக்கு ஹெட் நட்டுகள் 45 முதல் 50 பவுண்டு-அடி; ராக்கர் பிராக்கெட்டின் சின்ன நட்டுகள் 25தான். சின்னதையும் 50க்கு இழுத்து ஸ்டட்டை முறித்தவர்கள் உண்டு. பழைய வகைகளுக்கு அளவு மாறும், உங்கள் இன்ஜின் எண்ணுக்குரிய மேனுவலைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றாக இறுக்குங்கள்.

இதெல்லாம் சரியாக நடந்தும் ஆறு மாதத்தில் மறுபடி ஒழுகினால், முதல் கேஸ்கெட் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை என்று பொருள். பாதி அடைத்த ரேடியேட்டர், பின்தங்கிய இக்னிஷன் டைமிங், சரியாக அழுத்தம் பிடிக்காத ரேடியேட்டர் மூடி, இவற்றில் ஒன்று அங்கேயே இருக்கும்.

டேப்பட் இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் இடைவெளி, குளிர்ந்த நிலையில் 0.015 அங்குலம். இதற்கு 'ஒன்பதின் கணக்கு' என்று ஒரு வழி இருக்கிறது: முன்னாலிருந்து எண்ணி எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது ஒன்றாவதைச் சரிசெய்ய வேண்டும், மூன்றாவது திறந்திருக்கும்போது ஆறாவதை, கூட்டினால் எப்போதும் ஒன்பது. சில நூறு மைல் ஓடிய பிறகு, இன்ஜின் ஆறியதும், ஒவ்வொரு நட்டையும் லேசாகத் தளர்த்தி மறுபடி அதே அளவுக்கு இறுக்குங்கள். இறுக்கினால் இடைவெளி மாறும், டேப்பட்டையும் திரும்பப் பாருங்கள். கடைசியில் ராக்கர் கவரின் இரண்டு நட்டுகளை மட்டும் பலம் காட்டாமல் இறுக்குங்கள். அடியில் இருப்பது கார்க். நசுங்கினால் அதுவும் ஒழுகும். பார்க்கிறவர்கள் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்பார்கள்.