இரத்தம் வருகுது, கனுலா போகுதில்லை

யாழ்ப்பாணத்தில் மயக்கமருந்துப் பிரிவில் வேலை செய்கிறேன். பெரிய சத்திரசிகிச்சைக்கு முன் மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் ஓடும் ஆரை நாடியில் 20 கேஜ் அளவுக் கனுலா (ஊசியின்மேல் பொருந்தியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்) ஏற்றும்போது ஒரே சிக்கல்: ஊசிக்குள் இரத்தம் ஏறும், கனுலாவைத் தள்ளினால் முட்டி நிற்கும். வயதான நீரிழிவு நோயாளிகளில் இன்னும் மோசம்.

கனுலாவின் வகையை மாற்றியும் பலனில்லை. பிறகு சுவீடன் கதிரியல் மருத்துவர் ஸெல்டிங்கர் 1953இல் விவரித்த வழி: முதலில் ஊசிவழியே மெல்லிய வயர், அதன்மேல் கனுலா. சிலருக்குச் சரிவந்தது, மற்றவர்களில் வயரே மடங்கியது. அல்ட்ராசவுண்டில் நாடியைக் குறுக்காகப் பார்த்துக் குத்தியும் அதே முட்டல்.

சூட்சுமம் திரையில் தெரியும் வெள்ளைப் புள்ளியில் இருந்தது. குறுக்குவெட்டில் ஊசியின் நுனியும் தண்டும் ஒரே மாதிரிப் புள்ளிதான். அதனால் புரோபை (தோலின்மேல் வைக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியை) முழங்கைப் பக்கம் மயிரிழை நகர்த்துவேன். புள்ளி மறைந்தால் பார்த்தது நுனி. மறையாவிட்டால் அது தண்டு. நுனி பின்சுவரைக்கூடத் தாண்டியிருக்கலாம். மறைந்ததும் ஊசியை மெல்லத் தள்ள, புள்ளி நாடியின் நடுவே திரும்ப வரும். இரத்தம் கண்டவுடன் நிறுத்தாமல், இப்படி மாறிமாறிச் சில மில்லிமீற்றர் உள்ளே போனபின்தான் கனுலாவைத் தள்ளுவேன். மணிக்கட்டையும் அளவுக்கு மீறிப் பின்னே வளைக்கக்கூடாது, நாடி தட்டையாகிவிடும். கீழே சின்னத் துவாய்ச் சுருள் போதும்.

போன கிழமை, துடிப்பே விரலுக்குப் பிடிபடாத ஒரு அம்மாவுக்கும் தடங்கலின்றி ஏறியது. பெரிய ஆறுதல்.