கைதட்டிப் பறவையைக் கிளப்பாதீர்கள்

தீபாவளி, அதன்பின் கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா, சுசீந்திரம் மார்கழித் தேரோட்டம், கிறிஸ்துமஸ், புத்தாண்டு. குமரி மாவட்டத்தில் வெடிச் சத்தமும் ஒலிபெருக்கியும் ஓயாத காலம் இது. தேரூர், சுசீந்திரம் குளங்களில் வலசைப் பறவைகள் வந்து தங்குவதும் இதே காலத்தில்தான். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற நீர்நிலைகள் இவை. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்வது நல்ல காரியம். அழைத்துப் போய்ச் செய்கிற காரியத்தில்தான் கோளாறு.

கரையில் வண்டியை நிறுத்தி, ஹாரன் அடித்தோ கைதட்டியோ பறவைகளைக் கிளப்பி, "பார், எப்படிப் பறக்கிறது!" என்று காட்டுகிறோம். நானும் கைதட்டியவன்தான். என் பேரன், "ஏன் தாத்தா போய்விட்டன?" என்று கேட்டபோது பதில் வரவில்லை. நெடுந்தூரம் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும் உயிருக்கு, வீணாக எழும்பும் ஒவ்வொரு முறையும் உடம்பில் சேர்த்த கொழுப்பு கரைகிறது. பிள்ளை கற்றுக்கொள்வதோ, பறவை என்றால் நாம் தட்டினால் எழும்பும் பொருள் என்பதை.

வீட்டு வாசலில் வேறொரு தவறு. அதிர்வேட்டுக்கு நடுங்கும் நாயைப் பார்த்து, "இதற்கே பயமா?" என்று பெரியவர்கள் சிரிப்பார்கள், பிள்ளையும் சேர்ந்து சிரிக்கும். மனிதக் காது ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும், நாயின் காது 45,000 வரை. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு எதற்கு? "இன்று திருவிழா என்று நமக்குத் தெரியும் மக்களே, நாய்க்குத் தெரியாது" என்றால் போதும். ஒடுங்கிய காது, காலிடுக்கில் போன வால், தொடாமல் கிடக்கும் சோறு, இவற்றைப் பிள்ளையே கவனிக்கட்டும்.

இரக்கம் மிகுந்து பிள்ளை ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தால் அதுவும் ஆபத்து. பைக்கின் அடியில் பதுங்கிய தெருநாய் பயத்தில் கடித்துவிடும். தண்ணீர் வைத்துவிட்டு விலகி நிற்கச் சொல்லுங்கள். வளர்ப்பு நாய் தானாக மடியைத் தேடி வந்தால் தடவிக்கொடுக்கலாம். ஆறுதல் சொன்னால் அதன் பயம் கூடிவிடும் என்பது கட்டுக்கதை.

"நீ வெடித்ததால்தான் குருவி செத்தது" என்று பழி சுமத்துவதை நான் வெறுக்கிறேன். அழுத பிள்ளை அடுத்த ஆண்டு நமக்குத் தெரியாமல் வெடிக்கும். பக்கத்து நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்தில், கூடு கட்டும் பறவைகளுக்காக ஊரே வெடி வெடிப்பதில்லை. ஒருநாள் அழைத்துப் போய்க் காட்டலாம்.

பிள்ளையின் பிஜிலி வெடியைப் பிடுங்கிவிட்டு, இரவு 10 மணிக்கு மேலும் தெருவில் ஒலிபெருக்கியை அலற விடுகிறோமே, அதைப் பிள்ளை பார்க்காதா? இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குச் சட்டப்படியே தடை உண்டு. இதைச் சொன்னால் விழாக் கமிட்டியில் எனக்குச் சால்வை கிடைக்காது.

மறுமுறை தேரூருக்கு விடியற்காலையில் போனோம். வண்டியைத் தொலைவிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். தாழைக்கோழி ஒன்று நாணலை விட்டு வெளியே வந்து மேய்ந்தது. பேரன் என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இருமாதீர்கள் தாத்தா" என்றான்.