“எந்த ஊரு?” என்று கேட்டால் என்ன சொல்வது

சிங்கப்பூரில் இருந்தவரை எங்கள் வீட்டில் “ஊருக்குப் போறோம்” என்றால் சென்னையில் இருக்கிற தண்டையார்பேட்டைக்குப் போகிறோம் என்று அர்த்தம். 23 வயதில் ஆயாவை, அதாவது பாட்டியை, பார்த்துக்கொள்ள வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்: “ஊர்லருந்து எப்பம்மா வந்த?” அதே சொல், வேறு நாடு. என்னைப் போல வந்து முழிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் காகித வேலையை முடியுங்கள். பெரியவர்கள் இரண்டு குடியுரிமை வைத்துக்கொள்ள இரண்டு நாடுமே விடுவதில்லை. சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் இங்கே ஓசிஐ அட்டைதான், வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தருவது. ஆயுளுக்கும் விசா கவலை இல்லை. ஆனால் ஓட்டு கிடையாது, விவசாய நிலமும் வாங்க முடியாது. 12 மாதத்தில் 182 நாள் இங்கே தங்கியிருந்தால் ஆதாருக்கு விண்ணப்பிக்கலாம். தேர்தல் அன்று ஆயாவைக் கூட்டிப்போய் வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றேன். மையில்லாத விரலோடு வீடு திரும்பியபோது உறுத்தியது. அன்றைக்கே பாஸ்போர்ட்டை மாற்றலாமா என்று யோசிக்காதீர்கள், அது அழுகையில் எடுக்கிற முடிவு இல்லை.

அடுத்தது வாய். “பசியாறிட்டீங்களா?” என்று நான் கேட்டதற்குத் தெருவே சிரித்தது. இங்கே “நாஷ்டா ஆச்சா?” அதற்காக இன்னா, கீது என்று வலிந்து பேசப் போகாதீர்கள். நான் மூன்று மாதம் பேசினேன். காசிமேட்டில் மீன் விற்கிற அம்மா, “படத்துல நடிக்கிறியா கண்ணு?” என்றார். ஒட்டுவது தானாக ஒட்டட்டும். இப்போது ஆயாவே காலையில் என்னிடம் “பசியாறுனியா?” என்கிறாள்.

ஆகஸ்டுக்குத் தனியாகத் தயாராக வேண்டும். 9ஆம் தேதி சிங்கப்பூர் தேசிய நாள், 15 இந்தியச் சுதந்திர தினம். பள்ளியில் தினமும் பாடிய ‘மஜுலா சிங்கப்பூரா’ செல்போனில் கேட்டாலும் தொண்டையை அடைக்கும். தெருமுனைக் கொடியேற்றத்தில் ‘ஜன கண மன’வுக்கு இரண்டு வரிக்கு மேல் எனக்கு வாயசைப்புதான். முதல் வருஷம் இரண்டையும் மறைத்தேன். இப்போது 9ஆம் தேதியும் தெருப் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்குகிறேன். எந்த நாட்டு மிட்டாய் என்று ஒருவனும் கேட்டதில்லை.

அப்புறம், யாராவது ஊர் கேட்டால் நாட்டைச் சொல்லாதீர்கள், பேட்டையைச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதற்கு மேல் கேட்க மாட்டார்கள்.

அப்படியும் மனசு கனத்தால் பர்மா பஜார் பக்கம் அத்தோ சாப்பிடப் போங்கள். 1960களில் பர்மாவை விட்டு வரவேண்டியிருந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. நூடுல்ஸ், முட்டைகோஸ், புளித்தண்ணி, வறுத்த பூண்டு எல்லாம் கையாலேயே பிசைந்து, கூடவே வாழைத்தண்டு சூப். முதல் தடவை போனபோது கடைப் பெரியவர் கேட்டார்.

“எந்த ஊரு பாப்பா?”

“தண்டையார்பேட்டை.”

“அதுக்கு முன்ன?”

“சிங்கப்பூர். நீங்க?”

“வியாசர்பாடி.” பிசைந்துகொண்டே சொன்னார். “அதுக்கு முன்ன ரங்கூன். காரம் தூக்கலா போடவா?”