"மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்": இந்த வசனத்தை எப்படி வாசிப்பது

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனுக்கு ஆறு வயசு இருக்கும்போது, வீட்டுக்கு ஜெபிக்க வந்த ஒருவர் வேதாகமத்தில் யாத்திராகமம் 20:5-ஐத் திறந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினார். "பிதாக்களோட அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிக்கிறவர்னு எழுதியிருக்குல்லா? உங்க வீட்டுல முன்னோர் பாவம் ஏதோ இருக்கும்மா. அதைக் கண்டுபிடிச்சு அறிக்கையிடுங்க" என்றார். அவருக்குக் கொடுக்கக் கொண்டுவந்த காப்பி அம்மாவின் கையிலேயே ஆறிப்போனது. அதற்கப்புறம் பல மாதம், தாத்தா காலத்து வரப்புச் சண்டையிலிருந்து யார் யாரையோ ஏமாற்றிய கதை வரை ஆச்சியிடம் துருவித் துருவிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்போது வாரம் ஒரு நாள் பெண்களுக்கு வேத வகுப்பு எடுக்கிறேன். தனியாக வந்து மெதுவான குரலில் என்னிடம் அதிகம் கேட்கப்படும் வசனம் இதுதான். கருக்கலைந்தவர்கள், கணவனை இழந்தவர்கள், பிள்ளைக்கு வலிப்பு வருகிறவர்கள். எல்லோரிடமும் யாரோ ஒருவர் இதைச் சொல்லியிருக்கிறார். அவர்களோடு உட்கார்ந்து நான் எப்படி வாசிக்கிறேனோ, அதையே இங்கே எழுதுகிறேன். ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பென்சில் போதும்.

முதலில், வசனத்தை நிறுத்தாமல் வாசியுங்கள். அம்மாவுக்கு வாசித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். அதே வசனத்தில் "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து" என்றும், "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" என்றும் இருக்கிறது (மட்டும் என்றால் இங்கே வரை). அடுத்த வசனத்தில், அன்புகூருகிறவர்களுக்கு "ஆயிரம் தலைமுறைமட்டும்" இரக்கம் என்று இருக்கிறது. நோட்டில் ஒரு பக்கம் 3, 4 என்றும் எதிர்ப்பக்கம் 1000 என்றும் எழுதுங்கள். எழுதிப் பார்த்தால்தான் அந்த அளவு மனசில் ஏறும். மூன்று நான்கு தலைமுறை என்பது அன்றைய இஸ்ரவேலில் ஒரே குடும்பமாகச் சேர்ந்து வாழக்கூடியவர்களின் எல்லை. வீட்டுத் தலைவன் விக்கிரகத்துக்கு முன் விழுந்தால் கொள்ளுப்பேரன் வரை அதைப் பார்த்தே வளர்வான். வசனம் பேசுவது இந்தத் தொற்றைப் பற்றி. ஒரு குழந்தையின் காதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்து, பழைய தமிழ்ச் சொற்களைப் பிரித்துப் பாருங்கள். நம் கையில் இருக்கும் வேதாகமத்தின் நடை பெரும்பாலும் 1871-இல் வந்த மொழிபெயர்ப்பின் நடை. அன்றைக்கு ஒரு சொல்லுக்கு இருந்த பொருள் இன்றைக்கு நகர்ந்திருக்கலாம். இதே வசனத்தில் வரும் "எரிச்சலுள்ள தேவன்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எரிச்சல் என்றால் கரண்டு போனால் வருவது, பஸ் வராவிட்டால் வருவது. வகுப்பில் ஒரு அக்கா, "அவருக்கு நம்மளைப் பாத்தாலே எரிச்சலா டீச்சர்?" என்று கேட்டார். அவர் கண்ணில் பயம் இருந்தது. எபிரெயத்தில் அங்கே இருப்பது "கன்னா" என்ற சொல். தனக்கே உரிய உறவை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்காத வைராக்கியம் என்பது அதன் பொருள். சிடுசிடுப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

"விசாரிக்கிறவர்" என்பதும் அப்படித்தான். தமிழில் போலீசும் விசாரிக்கும், சொந்தக்காரர்களும் நலம் விசாரிப்பார்கள். எபிரெயத்தில் இருக்கும் "பாகத்" என்ற வினைக்கும் இரண்டு பக்கமும் உண்டு. ஆதியாகமம் 21:1-இல் கர்த்தர் சாராளுக்குக் கடாட்சமானார் என்று வாசிக்கிறோமே, அங்கே இருப்பதும் இதே வினைதான். இந்த வசனத்தில் அது தண்டனைப் பொருளில்தான் வருகிறது, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் விசாரிக்க வருகிறவர் யார் என்று தெரிந்துகொண்டு வாசிக்க வேண்டும்.

அது யார் என்று தெரிய யாத்திராகமம் 34-க்குப் போங்கள். அவசரப்படாதீர்கள், 32-ஆம் அதிகாரத்திலிருந்து தொடங்குங்கள். ஜனங்கள் கன்றுக்குட்டி செய்து கும்பிட்டாயிற்று. கற்பலகைகள் உடைந்து கிடக்கின்றன. உறவு முறிந்துபோனது போன்ற அந்த நேரத்தில், உம்முடைய மகிமையைக் காட்டும் என்று மோசே கேட்கிறான். அதற்குப் பதிலாக கடவுள் தம்மைப் பற்றித் தாமே சொல்கிறார்: "கர்த்தர், கர்த்தர், இரக்கமும், கிருபையும், நீடிய சாந்தமும், மகா தயையும், சத்தியமுமுள்ள தேவன்." முதலில் வருவது இரக்கம். அந்த எபிரெயச் சொல் "ரஹூம்", கருப்பையைக் குறிக்கும் "ரெஹெம்" என்ற சொல்லோடு சேர்ந்தது. "நீடிய சாந்தம்" என்று நாம் வாசிப்பது எபிரெயத்தில் அப்படியே "மூக்கு நீளமானவர்". நாம் மூக்குக்கு மேல் கோபம் வருகிறது என்கிறோம் அல்லவா? அவர்களுக்கும் கோபத்தின் இடம் மூக்குதான். அங்கே போய்ச் சேரவே வெகுநேரம் ஆகும் என்பது பொருள். கோபமே வராது என்று வசனம் சொல்லவில்லை. குற்றவாளியை அப்படியே விடமாட்டார் என்பதும், மூன்றாம் நான்காம் தலைமுறையும் அடுத்த வசனத்தில் இருக்கின்றன. ஆனால் இரக்கத்துக்குப் பிறகுதான் அவை வருகின்றன.

இப்போது நோட்டில் ஒரு பக்கத்தை முழுசாக ஒதுக்குங்கள். இந்த வாக்கியம் வேதத்தில் திரும்பத் திரும்ப வருகிறது: எண்ணாகமம் 14:18, நெகேமியா 9:17, சங்கீதம் 86:15, 103:8, 145:8, யோவேல் 2:13, யோனா 4:2, நாகூம் 1:3. ஒவ்வொன்றையும் எடுத்து, எந்தப் பாதி இருக்கிறது, எது விடுபட்டிருக்கிறது என்று குறியுங்கள். ஒரு மாலை முழுவதும் ஆகும், ஆனால் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. யோனாவிலும் நாகூமிலும் நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு பேரும் பேசுவது நினிவே என்ற ஒரே நகரத்தைப் பற்றி. நாகூம் தண்டனைப் பாதியைக் கையில் எடுக்கிறான். யோனாவோ இரக்கப் பாதியை மட்டும் சொல்கிறான், அதையும் குறையாகச் சொல்கிறான். நீர் இப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் ஓடிப்போனேன் என்று கடவுளிடமே சண்டை போடுகிறான். அதற்குக் கிடைக்கும் பதிலில், நகரத்தில் வலது கை இடது கை தெரியாத 1,20,000 பேருக்கு மேல் இருக்கிறார்கள்; மிருகங்களும் கணக்கில் வருகின்றன.

அப்புறம் எசேக்கியேல் 18. என் அம்மாவுக்கு அன்று வாசிக்க வேண்டியிருந்த அதிகாரம் இது. பாபிலோனுக்குச் சிறைபிடிக்கப்பட்டுப் போன ஜனங்களிடம் ஒரு பழமொழி இருந்தது: பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின. அந்தப் பழமொழியை இனிமேல் சொல்லக் கூடாது என்று கடவுள் சொல்கிறார். தகப்பனின் அக்கிரமத்தைக் குமாரன் சுமப்பதில்லை என்று 20-ஆம் வசனத்தில் தெளிவாக இருக்கிறது. புதிதாக வந்த கருத்தும் இல்லை இது. உபாகமம் 24:16-இல் இதே சட்டம் இருக்கிறது. தன் தகப்பனைக் கொன்றவர்களின் பிள்ளைகளை அமத்சியா ராஜா கொல்லாமல் விட்டது இந்தச் சட்டத்தால்தான் என்று 2 இராஜாக்கள் 14:6 சொல்கிறது.

யூதர்கள் தங்கள் வேதத்தை எப்படி வாசிக்கிறார்கள் என்றும் கேட்டுப் பாருங்கள். கிறிஸ்தவர்களான நாம் இதைச் செய்வதே இல்லை. "பழைய ஏற்பாட்டுக் கடவுள் கோபக்காரர், புதிய ஏற்பாட்டுக் கடவுள் அன்பானவர்" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இரண்டாம் நூற்றாண்டில் மார்சியன் என்பவர் இரண்டும் வேறு வேறு கடவுள்கள் என்றே போதித்தார். ரோம சபை ஏறத்தாழ கி.பி. 144-இல் அவரை விலக்கியது. பக்கத்திலிருக்கும் யூதரின் கடவுளை இழிவாகப் பேசவும் அந்தப் பேச்சு வழி திறக்கிறது. ஆனால் யாத்திராகமம் 34-இல் கடவுளின் இரக்கத்துக்கு பதின்மூன்று குணங்களை எண்ணி, மன்னிப்பு வேண்டும் நாட்களில் சொல்லி ஜெபிப்பவர்கள் யூதர்கள். பாவநிவாரண நாள் பிற்பகலில் ஜெப ஆலயத்தில் அவர்கள் வாசிப்பது யோனா புத்தகத்தை. யூத ரபிகளின் (வேத ஆசிரியர்களின்) விளக்கத் தொகுப்பான தல்மூதில், மக்கோத் என்ற பகுதியில், மோசே சொன்ன இந்தத் தலைமுறைத் தீர்ப்பை எசேக்கியேல் வந்து நீக்கினார் என்று ஒரு ரபி துணிந்து சொல்கிறார். பெற்றோரின் தீய செயலைத் தாங்களும் விடாமல் பிடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றியதே இந்த வசனம் என்ற விளக்கமும் தல்மூதில் உண்டு.

ஜலப்பிரளயம், கானான் யுத்தங்கள், அமலேக்கியரை முழுவதும் அழிக்கச் சொல்லும் 1 சாமுவேல் 15 மாதிரி கடினமான இடங்களைத் தாண்டிப் போகாதீர்கள். வகுப்பில் யாராவது அழுத்திக் கேட்டால் நான் ஆதியாகமம் 18-ஐத் திறக்கிறேன். சோதோம் அழியாமல் இருக்க அங்கே எத்தனை நீதிமான்கள் வேண்டும் என்பதை ஆபிரகாம் ஐம்பதிலிருந்து பத்து வரை கேட்டுக் குறைக்கிறான், கடவுளும் நின்று பதில் சொல்கிறார். கேள்வி கேட்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால் அந்த அதிகாரத்தைக் காட்டுங்கள். புதிய ஏற்பாட்டையும் வெறும் தேனாக ஆக்க வேண்டாம். அதில் "கெஹென்னா" என்ற நரகச் சொல் வரும் 12 இடங்களில் 11 இயேசுவின் வாயிலிருந்து வருகின்றன.

கடைசியாக யோவான் 9. பிறவிக் குருடனைப் பார்த்ததும், பாவம் செய்தது இவனா, இவனைப் பெற்றவர்களா என்று கேட்டவர்கள் சீஷர்கள். இயேசு, "இவன் செய்த பாவமுமல்ல, இவனைப் பெற்றவர்கள் செய்த பாவமுமல்ல" என்றார். இதை வாசித்துக் காட்டிவிட்டு, துக்கத்தில் இருப்பவரிடம் மேற்கொண்டு விளக்கம் சொல்லாதீர்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்து விளக்கம் சொன்ன பிறகுதான் கெட்டது. 42:7-இல் கடவுள் கோபப்படுவது யோபுமேல் அல்ல, அவர்கள்மேல்.

அம்மாவின் வேதாகமத்தில் யாத்திராகமம் 20 இருக்கும் தாளின் ஓரம் அன்றைக்கு மடிக்கப்பட்டது, இன்றும் மடிந்தே இருக்கிறது. எசேக்கியேல் 18-ஐ நான் வாசித்துக் காட்டிய நாளில், அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 20-ஆம் வசனத்தைத் தானே இன்னொரு தடவை விரல் வைத்து வாசித்தாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து, என்ன என்று சைகையில் கேட்டான். "உன்னைப் பத்திதான்" என்று அம்மா சைகையில் சொன்னாள்.