ஹார்மோன் டெஸ்ட்டும் ஹார்மோன் சிகிச்சையும்: முதன்முறை போகிறவர்களுக்கு

"ஹார்மோன் எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள்" என்று கேட்டுக்கொண்டு வருகிறவர்கள் இப்போது அதிகம். ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஊசி பிடிக்கும் வேலை எனக்கு. அந்தக் குரல் நன்றாகப் பழகிவிட்டது. ஆனால் "எல்லாம்" என்று ஒரு டெஸ்ட் கிடையாது. தைராய்டு, சினைப்பை, விரை, சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி என்று ஒவ்வொரு சுரப்பிக்கும் தனிக் கணக்கு, தனி நேரம். கேள்வி இல்லாமல் கொடுத்த ரத்தத்துக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் குழப்பம்தான். டாக்டரிடம் போகும் முன்பும் போய் வந்த பின்பும் தெரிந்திருக்க வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: முதலில் தொந்தரவை எழுதுங்கள்

ஒரு தாள் எடுத்து, என்ன தொந்தரவு, எந்த மாதத்திலிருந்து, எந்த வேளையில் அதிகம் என்று எழுதுங்கள். பெண்கள் கடைசியாக மாதவிலக்கு வந்த தேதியைக் குறிக்க வேண்டும். சாப்பிடும் மாத்திரைகள் அத்தனையும் அந்தத் தாளில் வர வேண்டும்: முடி கொட்டுவதற்குச் சாப்பிடும் வைட்டமின், மூட்டுவலிக்கு யாரோ கொடுத்த பொடி, ஜிம்மில் கொடுத்த பவுடர் உட்பட.

எழுதி முடித்ததும் பாதி வழி தெரிந்துவிடும். எப்போதும் அசதி, மற்றவர்களுக்கு இல்லாத குளிர், மலச்சிக்கல், காரணமில்லாமல் ஏறும் எடை என்றால் டாக்டர் முதலில் தைராய்டைத்தான் நினைப்பார். சென்னை உட்பட எட்டு இந்திய நகரங்களில் எடுத்து 2013இல் வெளியான ஆய்வில், பெரியவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத் தைராய்டு குறைவு இருந்தது. ஆண்களுக்கு ஆசை குறைந்து, விடிகாலை விறைப்பும் நின்றுபோயிருந்தால் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் பார்க்கலாம். வெறும் அசதிக்காக அதைப் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை. தூக்கமின்மை, சர்க்கரை, ரத்தசோகை, மன அழுத்தம் எல்லாம் அதே அசதியைத் தரும்.

என் நங்கையாவுக்கு, அதாவது அண்ணிக்கு, 47 வயதில் மார்கழிக் குளிரிலும் நடு இரவில் எழுந்து ஜன்னல்களைத் திறந்து வைக்கும் பழக்கம் வந்தது. கழுத்திலிருந்து முகம் வரை குப்பென்று ஏறும் வெக்கை, இரண்டு மூன்று நிமிடத்தில் ஜாக்கெட் முதுகு நனையும் அளவுக்கு வியர்வை, அது அடங்கியதும் நடுக்கம். உடம்புச் சூடு என்று வீட்டில் வெந்தயமும் பொள்ளாச்சி இளநீரும் மாறி மாறிக் கொடுத்தார்கள். மாதவிலக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப் போய்க்கொண்டிருந்ததை யாரும் இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை. மகளிர் மருத்துவர் ரத்தமே எடுக்காமல், மாதவிலக்கு நின்றுபோகும் பருவமான மெனோபாஸ் என்றார். சரிதான். 45 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், அதை உறுதிசெய்ய ஹார்மோன் டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. அந்தப் பருவத்தில் எப்.எஸ்.எச். (சினைப்பையைத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்) அளவு வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும். இன்று சாதாரணமாக வந்தது என்பதற்காக மெனோபாஸ் இல்லை என்று ஆகாது.

40 வயதுக்கு முன்பே மாதவிலக்கு நின்றால் கதை வேறு. அங்கே டெஸ்ட் கட்டாயம். முதலில் கர்ப்பமா என்று பார்த்துவிட்டு எப்.எஸ்.எச்., ஈஸ்ட்ராடையால் (ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் முக்கிய வகை), டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்; தைராய்டு குறைந்தால் இது ஏறும்), புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்) பார்ப்பார்கள், எப்.எஸ்.எச். உயர்ந்திருந்தால் சில வாரம் கழித்து மறுபடியும் பார்ப்பது வழக்கம்.

இன்னொன்று: மாதவிலக்கு முழுதாக ஒரு வருடம் நின்றபின் மறுபடி ரத்தம் பட்டால், துளியே ஆனாலும், ஹார்மோன் கோளாறு என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதியாகும் வரை மகளிர் மருத்துவரை விடாதீர்கள்.

படி 2: பேக்கேஜைத் தள்ளி வையுங்கள்

பல டெஸ்ட்டுகளை ஒன்றாகக் கட்டி விற்கும் பேக்கேஜ் வேண்டாம். என் தொழிலுக்கு எதிராகவே சொல்கிறேன். ரிப்போர்ட் தாளில் "நார்மல்" என்று போடும் எல்லைகளை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும்படிதான் பொதுவாக வரைகிறார்கள். அப்படியானால் ஒரு குறையும் இல்லாத நூறு பேரில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியே விழுவார்கள். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 டெஸ்ட்டுகளை ஒரே ஆளுக்குச் செய்தால், ஒன்றிலாவது எல்லைக்கு வெளியே என்று காட்டும் தடித்த எழுத்து வருவதற்கான வாய்ப்பு 64 சதவீதம். நோயே இல்லாதவருக்கு! அந்த ஒரு தடித்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த டெஸ்ட், அதன்பின் ஸ்கேன் என்று அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் எழுதிக் கொடுத்ததை மட்டும் பாருங்கள்.

படி 3: நேரம் தவறாமல் ரத்தம் கொடுங்கள்

இந்தப் படியில்தான் அதிகம் பேர் கோட்டை விடுகிறார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருக்கும், போகப்போகக் குறையும். சாப்பிட்டாலும் குறையும். ஆகவே வெறும் வயிற்றில், காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் கொடுக்க வேண்டும். ஒருமுறை குறைவாக வந்தால் வேறொரு நாள் இன்னொரு முறை பார்த்த பிறகே அதைக் குறைவு என்று சொல்ல வேண்டும். காய்ச்சல், ஆபரேஷன் போன்ற சமயங்களில் தானாகவே இறங்கும் என்பதால் அப்போது வேண்டாம். அட்ரீனல் சுரக்கும் கார்டிசாலும் இப்படித்தான், டாக்டர் காலை 8 மணி என்று எழுதியிருந்தால் 11 மணிக்கு வந்து நிற்கக் கூடாது.

இங்கே திருப்பூர்ப் பனியன் கம்பெனியிலும் நூல் மில்லிலும் இரவு ஷிப்ட் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரவெல்லாம் விழித்துவிட்டு காலை எட்டு மணிக்கு நேராக வந்தால் கடிகாரத்துக்குத்தான் காலை, உடம்புக்கு அல்ல. ஷிப்ட் முறையை டாக்டரிடமும் சொல்லுங்கள், ரத்தம் எடுப்பவரிடமும் சொல்லுங்கள். நன்றாகத் தூங்கி எழுந்த ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தைராய்டு டெஸ்ட்டுக்குப் பட்டினி கட்டாயமில்லை. ஆனால் டி.எஸ்.எச். விடிகாலையில் சற்று உயர்ந்தும் மதியத்துக்குமேல் தாழ்ந்தும் இருக்கும் என்பதால், ஒவ்வொரு முறையும் ஒரே வேளையில் கொடுத்தால்தான் பழைய தாளோடு ஒப்பிட முடியும். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுத்தபின் அன்றைய மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் பயோட்டின் மாத்திரை எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய தலைவலி. அது உடம்பில் ஹார்மோனை மாற்றுவதில்லை. மெஷின் ஹார்மோனை அளக்கும் விதத்தில் குறுக்கிடுகிறது. டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும், தைராய்டு சுரக்கும் டி4 ஹார்மோன் பொய்யாக ஏறியும் காட்டி, இல்லாத தைராய்டு மிகுதியை இருப்பதாகச் சொல்லிவிடும். குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்பே.

மாதவிலக்கு வரும் பெண்களுக்கு எப்.எஸ்.எச்., எல்.எச். (முட்டை வெளிவரத் தூண்டும் ஹார்மோன்), ஈஸ்ட்ராடையால் மூன்றும் ரத்தப்போக்கு தொடங்கிய 2 முதல் 5 நாளுக்குள். புரோஜெஸ்டிரோன் 21ஆம் நாள் என்பார்கள்; அது 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்குப் பொருந்தும் கணக்கு. உண்மையில் அடுத்த மாதவிலக்குக்கு ஏழு நாள் முன்பு. சினைப்பையில் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். எந்த நாளிலும் எடுக்கலாம். புரோலாக்டின், பதற்றத்திலேயே ஏறும். பஸ் பிடித்து ஓடி வந்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டுக் கையை நீட்டட்டும்.

படி 4: தாளைப் படியுங்கள்

எண்ணுக்கு முன்னால் அலகைப் பாருங்கள். ஒரு லேபில் டெஸ்டோஸ்டிரோன் 4 என்றும் இன்னொன்றில் 400 என்றும் வந்தால் பயப்பட வேண்டாம். முன்னது ஒரு மில்லிலிட்டரில் உள்ள நானோகிராம், பின்னது ஒரு டெசிலிட்டரில் உள்ளது. இரண்டும் ஒன்றே. மெஷினும் முறையும் லேபுக்கு லேப் மாறும், எல்லைகளும் மாறும். தொடர்ந்து பார்க்க வேண்டிய டெஸ்ட்டை ஒரே இடத்தில் கொடுப்பது நல்லது.

டி.எஸ்.எச். எல்லை பெரும்பாலும் 0.4 முதல் 4 வரை என்று இருக்கும். 5.6 என்று வந்த மறுநாளே ஆயுள் முழுவதற்கும் மாத்திரை என்று எண்ணிக்கொள்கிறார்கள். ஃப்ரீ டி4 (ரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் இருக்கும் டி4) சரியாக இருந்து டி.எஸ்.எச். மட்டும் லேசாக ஏறியிருந்தால், இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது பலருக்குத் தானே இறங்கியிருக்கும். 10ஐத் தாண்டினால் பொதுவாக மருந்து தொடங்குவார்கள். வயதானவர்களுக்குச் சற்று உயர்வாக இருப்பது இயல்பு. கர்ப்பிணிகளுக்கும் கர்ப்பத்துக்குத் தயாராகிறவர்களுக்கும் இந்த நிதானம் பொருந்தாது; அவர்கள் உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

படி 5: சிகிச்சை என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

உடம்பில் குறைந்த ஹார்மோனை வெளியிலிருந்து கொடுப்பதுதான் மொத்தமும். தைராய்டு மாத்திரையும் அதே வகைதான். 1891இல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற மருத்துவர் ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசியாகப் போட்டு ஒரு பெண்மணியைப் பிழைக்க வைத்ததிலிருந்து இது நடந்துவருகிறது. ஆகவே "ஹார்மோன் மருந்தா!" என்று அலற வேண்டியதில்லை.

தைராய்டு மாத்திரையான தைராக்சினை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கிவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை எதுவும் கூடாது. நம் பக்கம் கண் திறந்ததும் காப்பி டம்ளரைத் தேடுவோம். அந்தக் காப்பி மருந்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும். சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளி. டோஸைக் கூட்டிக்கொண்டே போயும் டி.எஸ்.எச். இறங்காதவர்களிடம் நான் முதலில் கேட்பது இந்தக் காப்பியைப் பற்றித்தான்.

மெனோபாஸ் சிகிச்சையில் ஈஸ்ட்ரோஜன்தான் முக்கிய மருந்து. வெக்கையும் வியர்வையும் வரும் தடவைகள் ஏறக்குறைய முக்கால்வாசி குறையும். எலும்புத் தேய்மானமும் மட்டுப்படும். கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் தனியாகக் கொடுக்கக் கூடாது. கர்ப்பப்பையின் உள்சவ்வு தடித்துப் புற்றுநோய் வரை போகலாம் என்பதால் புரோஜெஸ்டிரோன் வகை மருந்தும் சேர வேண்டும். கர்ப்பப்பையை எடுத்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும்.

கர்ப்பப்பை ஆபரேஷன் செய்துகொண்ட பெண்கள் நம் ஊர்களில் ஏராளம். ஆனால் சினைப்பையையும் எடுத்தார்களா என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுங்கள். 45 வயதுக்கு முன்பு இரண்டு சினைப்பையும் போயிருந்தால், மார்பகப் புற்றுநோய் போன்ற தடை இல்லாத வரை, இயல்பாக மெனோபாஸ் வரும் வயது வரையாவது ஹார்மோன் கொடுப்பதே பொதுவான பரிந்துரை. இந்தியப் பெண்களுக்கு அந்த வயது சராசரியாக 46ஐ ஒட்டி. எலும்பையும் இதயத்தையும் காக்கத்தான் இது. வெக்கை இல்லை என்பதற்காக வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது.

ஹார்மோன் என்றால் புற்றுநோய் என்ற பயம் 2002இல் அமெரிக்காவில் வெளியான பெரிய ஆய்வு ஒன்றிலிருந்து பரவியது. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகையும் சேர்ந்த இரட்டை மருந்து எடுத்த பெண்களில், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் கூடுதலாக 8 பேருக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது. ஆபத்து உண்மை, அளவு சிறியது. அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 60 வயதுக்குள், மெனோபாஸ் ஆகிப் பத்து வருடத்துக்குள், தடை எதுவும் இல்லாமல் தொந்தரவோடு தொடங்குபவர்களுக்கு நன்மையே அதிகம் என்பது இன்றைய மருத்துவக் கருத்து. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு, இவற்றில் எது இருந்தாலும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தோலில் தடவும் ஜெல், ஒட்டும் பட்டை ஆகியவற்றில் ரத்தக்கட்டு அபாயம் மாத்திரையைவிடக் குறைவு. பிறப்புறுப்பு வறட்சி மட்டும்தான் தொந்தரவு என்றால் அங்கே வைக்கும் குறைந்த அளவு கிரீமே போதும். அதைக் கேட்கக் கூச்சப்பட்டு வருடக்கணக்கில் எரிச்சலோடு இருப்பவர்கள் பலர்.

ஆண்களுக்கு ஒரே எச்சரிக்கை: வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போட்டால் உடம்பு விந்தணு உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். குழந்தை வேண்டும் என்று நினைக்கிறவர்கள் அந்த ஊசியைத் தொடக் கூடாது. ஜிம்மில் போட்டுக்கொள்ளும் ஊசியும் இதில் சேர்த்திதான்.

திருநங்கைகள் உடம்பில் பெண்ணுக்குரிய மாற்றம் வேண்டித் தாங்களாகவே கருத்தடை மாத்திரைகளை அதிகமாக வாங்கிப் போட்டுக்கொள்வது ஆபத்தானது. அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் வகை ரத்தக்கட்டை உண்டாக்கக் கூடியது. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரின் கண்காணிப்பில், ரத்த அளவு பார்த்துக் கொடுக்கும் சிகிச்சை அவர்களுக்கு உண்டு.

படி 6: தொடங்கியபின் பின்தொடருங்கள்

தைராக்சின் டோஸ் மாறினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் டி.எஸ்.எச். பார்க்க வேண்டும், பத்தே நாளில் பார்ப்பது காசுக்குக் கேடு. மெனோபாஸ் மருந்துக்கு மூன்று மாதத்தில் ஒருமுறை, பிறகு வருடத்துக்கு ஒருமுறை டாக்டரைப் பார்க்க வேண்டும். அங்கே ரத்த அளவைவிடத் தொந்தரவு குறைந்ததா என்பதே அளவுகோல். டெஸ்டோஸ்டிரோன் போடுகிறவர்களுக்கு ரத்தம் கெட்டியாகிறதா என்று ஹெமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) பார்ப்பார்கள். 54 சதவீதத்தைத் தாண்டினால் மருந்தை நிறுத்துவார்கள்.

ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சுத் திணறினால், நெஞ்சு வலித்தால், ஒரு பக்கம் மரத்துப்போனால் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். மூட்டுவலிப் பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டு (கார்டிசாலைப் போன்ற மருந்து) கலந்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. நெடுநாள் சாப்பிட்டவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் கார்டிசால் வற்றி மயக்கமே வரலாம். பொடியோடு டாக்டரிடம் போங்கள். குறைப்பது அவர் வேலை.

போகும்போது பழைய தாள்களை அப்படியே எடுத்துப் போங்கள். வாட்ஸ்அப்பில் எண்ணை மட்டும் வெட்டி எடுத்த படத்தில் அலகும் எல்லையும் ரத்தம் எடுத்த நேரமும் வெட்டுப்பட்டுப் போயிருக்கும்.